ஷெனன்டோவாவில் தனிநடை: அக்டோபரில் ஒரு நாள்

#1 வழிநடைச்சிந்து

அப்பலாச்சியன் பாதையின் மொத்த நீளம் 3,500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தில் முடிகிறது. நான் நடந்தது அதில் ஒரு துண்டு: வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்குள் வரும் ஏறத்தாழ 100 மைல். அக்டோபர் நடுவில், வடக்கிலிருந்து தெற்காக, தனியாக. வேறொரு இழையில் "இலை உதிரும் காலத்தில் தனியாகப் போகலாமா, என்னென்ன வேண்டும்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முழுப் பயணக்கட்டுரை எழுதும் பொறுமை எனக்கு இல்லை. ஒரு நாளை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிடும்.

பாஸ் மவுண்டன் குடிலிலிருந்து ராக் ஸ்பிரிங் குடில் வரை, சுமார் 15 மைல். குடில் என்றால் நடப்பவர்கள் இரவு தங்கும் இடம், பக்கத்தில் கூடாரமும் போடலாம். கோடையில் இந்தத் தூரத்துக்கு யாரும் கணக்குப் போட மாட்டார்கள். ஜூனில் இங்கே கிட்டத்தட்டப் பதினைந்து மணி நேரம் வெளிச்சம் உண்டு, சாவகாசமாகக் கிளம்பினாலும் போய்ச் சேரலாம். அக்டோபர் நடுவில் சூரியன் காலை 7.20 வாக்கில் எட்டிப் பார்த்து மாலை 6.35க்குக் கிளம்பிவிடுகிறது. பாதை மலையின் நிழல் பக்கம் திரும்பினால் அதற்கு முன்பே கல் எது, இலை எது என்று தெரியாது. அதனால் இந்தப் பருவத்தில் மைலை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மணியை வைத்துப் போடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விவரம்.

ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே 2 டிகிரி. கூடாரத்தின் மேல்துணியில் என் மூச்சே துளித்துளியாகக் கோத்து நின்றது, தலையைத் தூக்கினால் பிடரியில் சொட்டும். தண்ணீர் வடிகட்டியை ராத்திரி முழுக்க ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்திருந்தேன். அடுப்பு மூட்டி, வறுத்த ரவை உப்புமா, காபி. எல்லாம் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில். வானம் சாம்பல் நிறமானதும் நடை.

தார்ன்டன் கேப் கணவாயில் நெடுஞ்சாலையைக் கடந்ததும் மேரீஸ் ராக் ஏற்றம். இரண்டு மைலுக்குள் 1,200 அடி. உடம்பு சூடாவதற்கு நல்ல வழி. ஆனால் ஏறும்போது வியர்க்க விடக் கூடாது, கிளம்பும்போதே லேசாகக் குளிர வேண்டும். மேலே போய் நின்றதும்தான் கம்பளிச் சட்டை. பாறையிலிருந்து மேற்கே பார்த்தால் லுரே ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடுபனி. அதற்கு மேல் மசானுட்டன் மலைத்தொடர் மட்டும் நீளமாகக் கிடந்தது. 3,500 அடியில் நிறம் உச்சத்தில் இருந்தது: ஹிக்கரி மஞ்சள், செம்மேப்பிள், எல்லாவற்றையும் விடக் கருஞ்சிவப்பாக பிளாக் கம். ஓக் மரங்கள் மட்டும் இன்னும் முடிவெடுக்காமல் பாதிப் பச்சையில் நின்றன.

அழகைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். காலடியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பாதை முழுக்க ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் காய்ந்த இலை. அதற்கு அடியில் ஓக் கொட்டைகள், கோலிக்குண்டைக் கொட்டிவிட்டு மேலே போர்வை விரித்த மாதிரி. இறக்கத்தில் குதிகாலை வைத்தால் சறுக்கும். முழுப் பாதத்தையும் பதித்து, கம்பை முன்னால் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். மணிக்கு இரண்டு மைல்தான் வந்தது. கோடையில் இரண்டரை சாதாரணமாக வரும். பாதை எங்கே என்பதும் சில இடங்களில் இலைக்கு அடியில் போய்விட்டது. மரத்தில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். அதைத் தேடித்தேடித்தான் நடை. ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைப் பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது, நிதானி என்று பொருள்.

ஸ்கைலாண்ட் விடுதிப் பக்கம் வந்தபோது ஒன்றரை மணி. இலை பார்க்க வந்த கார்க் கூட்டம். குழந்தைகள் என் மூட்டையைப் பார்த்து "உள்ளே என்ன?" என்றார்கள். அங்கே போத்தல்களை நிரப்பிக்கொண்டு தெற்கே கிளம்பினேன். ஹாக்ஸ்பில் பூங்காவிலேயே உயர்ந்த சிகரம், 4,051 அடி. அதன் வடக்குச் சரிவில் பாதை கற்குவியலுக்கு நடுவே போகிறது. வெயிலே படாத பக்கம், மூன்று மணிக்கே கை மரத்தது. ராக் ஸ்பிரிங் குடிலுக்கு ஐந்து மணிக்கு முன்பே சேர்ந்துவிட்டேன். தண்ணீர் பிடித்து, கூடாரம் போட்டு, சாப்பிட்டு, கரடிக்கு எட்டாமல் உணவை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது இருட்டிவிட்டது. மணி ஏழு. அடுத்த வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

#2 மணிமுத்தாறு

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனியாக ஏன் என்று மட்டும் புரியவில்லை. கணுக்கால் பிசகினால் யார் தூக்குவது? 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம், அவர்கள் கூட்டமாகப் போனவர்கள். அதற்குப் பிறகு இங்கே கட்டுப்பாடு இறுகிவிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்று 40 வழித்தடங்களைத் திறந்தது, அதிலும் வழிகாட்டி கட்டாயம். அது சரிதான் என்று நினைக்கிறேன். காடு யாருக்கும் தனிச்சொத்து இல்லை, தனியாகப் போய் மாட்டிக்கொண்டால் தேடி அலைபவனும் மனிதன்தானே?

#3 வழிநடைச்சிந்து

நியாயமான கேள்விதான். நம் ஊர் மலைகளில் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். யானை இருக்கிற காடு வேறு, அங்கே பாதைக்கு அடையாளமும் கிடையாது. இங்கே நிலைமை வேறு. இந்தப் பாதை 1937இலேயே முழுதாக இணைக்கப்பட்டது, இன்றும் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். குடில்கள் ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் இருக்கின்றன. அக்டோபரில் ஒரு மணி நேரம் யாரையும் பார்க்காமல் நடப்பதே அபூர்வம்.

ஆனாலும் கணுக்கால் கணுக்கால்தான். அதற்குத்தான் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. முதுகுப்பைத் தோள்பட்டையில் மாட்டியிருந்தேன். பைக்குள் வைத்தால் பயனில்லை, விழுந்து பை ஒரு பக்கம் உருண்டால் கருவியும் அதோடு போய்விடும். வீட்டில் மனைவியிடம் ஒரு தாள்: எந்த இரவு எந்தக் குடில், எத்தனை மணிக்குள் செய்தி வரவில்லை என்றால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். "கவலைப்படாதே" என்று சொல்வதை விட "இரவு ஒன்பது வரை கவலைப்படாதே" என்று சொல்வது வீட்டில் இருப்பவருக்கு உதவும்.

#4 நியூஜெர்சி_நிலா

நான் பெண், தனியாக நடப்பவள். எங்கள் மாநிலத்துத் துண்டு 70 மைலுக்கு மேல், அதைப் பகுதி பகுதியாக முடித்தேன். இலையுதிர்காலம்தான் எனக்குப் பிடித்த பருவம். கொசு இல்லை, கூட்டம் குறைவு, பாறையில் வெயில் காய்ந்துகொண்டு உட்காரலாம்.

"பயமாக இல்லையா" என்று எல்லோரும் கேட்கிறார்கள், ஆண்களிடம் இந்தக் கேள்வி வருவதில்லை. ஷெனன்டோவாவிலேயே 1996இல் இரண்டு பெண்கள் கூடாரத்தில் கொல்லப்பட்டார்கள், ஸ்கைலாண்டுக்குப் பக்கத்தில்தான். கொலையாளி யார் என்று டிஎன்ஏ மூலம் எஃப்பிஐ 2024இல்தான் அறிவித்தது. அவர்கள் இருவராகத்தான் போயிருந்தார்கள், துணைக்கு நாயும் இருந்தது. தனியாகப் போனதால் ஆபத்து, சேர்ந்து போனால் பத்திரம் என்கிற கணக்கு அவ்வளவு எளிதில்லை.

நான் கடைப்பிடிப்பவை. சாலை கடக்கும் இடத்திலிருந்து ஒரு மைலுக்குள் கூடாரம் போட மாட்டேன். எங்கே தங்குகிறேன் என்று வழியில் பேசுகிற யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்டால் "நண்பர்கள் பின்னால் வருகிறார்கள்". படங்களை வீட்டுக்கு வந்த பிறகுதான் போடுவேன். குடிலில் இருக்கிறவர் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் தண்ணீரை நிரப்பிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பேன். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் @வழிநடைச்சிந்து சொன்ன வெளிச்சக் கணக்கு முக்கியம். ஐந்து மணிக்குக் குடிலுக்குப் போனால் பிடிக்காவிட்டால் விலகிப் போக இன்னும் ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. ஆறரைக்குப் போனால் அங்கேதான் கிடக்க வேண்டும்.

#5 வழிநடைச்சிந்து

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. நான் சீக்கிரம் சேருவதைச் சமையலுக்காகத்தான் யோசித்தேன்.

#6 இலகுமூட்டை

சில தொழில்நுட்பக் குறிப்புகள், யாரும் கேட்காவிட்டாலும்.

வடிகட்டி: உள்ளே இருப்பது மெல்லிய குழல் இழைகள். ஒரு முறை நனைந்த பிறகு உறைந்தால் இழை விரிசல் விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் வழக்கம் போல வரும், கிருமியும் கூடவே வரும். இரவில் உடம்போடு வைப்பது ஆடம்பரம் இல்லை, கட்டாயம்.

எரிவாயு: சாதாரண பியூட்டேன் உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் 12 டிகிரி வாக்கில். அதனால் டப்பாவில் என்ன கலவை என்று படித்து வாங்குங்கள். கூடாரத்துக்கு வெளியே குளிரில் கிடந்த டப்பாவைச் சட்டைக்குள் ஐந்து நிமிடம் வைத்திருந்தாலே சுவாலை வித்தியாசம் தெரியும்.

பாய்: தரையின் குளிர்தான் தூக்கத்தைக் கெடுப்பது, காற்றின் குளிர் இல்லை. விலை உயர்ந்த ஸ்லீப்பிங் பேக்கை வாங்கிக் கோடைப் பாயின் மேல் போட்டுப் படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் எடையில் பஞ்சு நசுங்கிவிடும், முதுகுக்குக் கீழே காப்பு இருக்காது.

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் போட்டு வருகிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள். பனி விழும் நாளை விட 6 டிகிரியில் பெய்யும் மழைதான் ஆளைச் சாய்க்கும்.

#7 பனங்கிழங்கு

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில இருக்கிறன். எங்கட பக்கம் புரூஸ் பாதை எண்டு ஒண்டு இருக்கு, குவீன்ஸ்டனில இருந்து டோபர்மோரி மட்டும், 900 கிலோமீட்டருக்குக் கிட்ட. 1967இல திறந்தது. அதில உங்கட மாதிரிக் குடிலுக்குக் குடில் நடக்க ஏலாது. கனக்க இடம் தனியாற்ற காணி, நினைச்ச இடத்தில கூடாரம் அடிக்க விடமாட்டினம். ஆனபடியால் பகலில நடந்து பின்னேரம் வெளியில வந்து தங்கிறதுதான் எங்கட வழமை.

நான் கேக்கிறது அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தைப் பற்றி. நடக்கிறது எல்லாரும் நடக்கலாம். ஏழு மணிக்கு இருட்டில தனியப் படுத்துக்கொண்டு என்ன செய்தனீங்கள்? எனக்கு அதை நினைக்கவே என்னவோ செய்யுது.

#8 வழிநடைச்சிந்து

@பனங்கிழங்கு தம்பி, நீங்கள்தான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

இலை உதிர்ந்த காட்டில் இரவு அமைதியாக இருக்கும் என்று நினைப்போம். இல்லை. காய்ந்த இலை மேல் ஓர் அணில் ஓடினால் ஆள் வருகிற சத்தம். மான் நடந்தால் ஊர்வலமே வருகிற சத்தம். குளம்பை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். நின்று கேட்கும். நாமும் மூச்சைப் பிடித்துக் கேட்போம். பிறகு "புஸ்" என்று ஒரு சீறல், துள்ளி ஓட்டம். ஓக் கொட்டை கிளை கிளையாகத் தட்டிக்கொண்டு விழுந்து கடைசியில் கூடாரத் துணியில் "டப்". முதல் இரவில் ஒவ்வொன்றுக்கும் விளக்கைப் போட்டேன். விளக்கைப் போட்டால் துணிக்கு உள்பக்கம்தான் தெரியும், வெளியே எதுவும் தெரியாது. அதனால் அணைத்துவிட்டுக் கேட்கப் பழகினேன்.

நடைமுறையில் செய்தது: சமையலை வேண்டுமென்றே இழுத்தேன். முதலில் சூப், அப்புறம் சாப்பாடு, அப்புறம் சுக்குக் காபி. படுத்த பிறகு மறுநாள் வரைபடம். பிறகு அன்றைய குறிப்பு, விரல் மரக்கும் வரை. தொலைபேசியில் ஏற்றி வைத்திருந்த நாதஸ்வரம் ஒரு மணி நேரம், ஒரு காதில் மட்டும். எட்டு முதல் ஒன்பது வரைதான் கஷ்டமான நேரம். அப்போது வீட்டு நினைப்பு வரும், அலுவலகத்தில் யாரோ எப்போதோ சொன்னதெல்லாம் வரும். ஒன்பதுக்கு மேல் உடம்பு தானாகத் தூங்கிவிடும். காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், அதுவும் இயல்பு. வெளியே போய்வந்தால் நட்சத்திரம் உங்களுக்குக் கூலி.

குடிலில் அன்று வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஜூன் மாதம் மெய்னில் கிளம்பி ஜார்ஜியாவுக்கு நடப்பவர்கள். தெற்கே போகிறவர்கள் வர்ஜீனியாவை இந்தப் பருவத்தில்தான் தொடுவார்கள். ஏழரைக்கெல்லாம் குறட்டை. அவர்களுக்கு இருட்டு என்றால் தூக்கம், வேறு அர்த்தமே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

#9 பருப்புப்பொடி

என் பெயருக்கு ஏற்ற கேள்வி: சைவ உணவு எப்படிச் சமாளித்தீர்கள்? எடை?

#10 வழிநடைச்சிந்து

கொழுப்புதான் எடைக்கு லாபம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். அதனால் சிறிய போத்தலில் நெய். குளிரில் கட்டியாகிவிடும், கரண்டியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். உள்ளங்கையில் அரை நிமிடம் வைத்தால் இளகும்.

இரவுச் சாப்பாட்டுக்கு கூஸ்கூஸ், ரவை மாதிரியான கோதுமை உணவு. கொதிநீரை ஊற்றி மூடினால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், எரிவாயு மிச்சம். அதில் உங்கள் பெயர், நெய், மேலே வீட்டில் காய்ச்சிச் சுண்டிய புளிக்காய்ச்சல். மதியத்துக்கு அடுப்பு மூட்டவில்லை. டார்ட்டியா ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சுருட்டி, நடுவில் எலுமிச்சை ஊறுகாய். அந்தக் கலவையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் பத்து மைல் நடந்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். அவல், வெல்லத்தூள், முந்திரி ஒரு பையில். நடந்துகொண்டே வாயில் போட.

வாசனைதான் ஒரு பிரச்சினை. புளிக்காய்ச்சல் டப்பாவை எத்தனை உறைக்குள் போட்டாலும் கரடி மோப்பத்துக்கு ஒன்றுதான். இலையுதிர்காலத்தில் கரடி குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் வேலையில் இருக்கிறது, நாள் முழுக்கத் தின்னும். ஷெனன்டோவா குடில்களில் ஓர் உயரமான இரும்புக் கம்பம் நட்டிருப்பார்கள், உச்சியில் கொக்கிகள். பக்கத்தில் நீளமான கவைக்கோல். உணவுப் பையை அந்தக் கோலின் நுனியில் மாட்டி, தலைக்கு மேல் தூக்கி, கொக்கியில் கோக்க வேண்டும். மரத்த கையோடு, இருட்டில், ஐந்து கிலோவை அந்த உயரத்தில் ஆட்டாமல் பிடிப்பது லேசில்லை. ஜார்ஜியா போகிறவர்கள் ஒரே வீச்சில் மாட்டினார்கள். என் பை கொக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வெளிச்சத்திலேயே இதை முடித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு இன்னொரு காரணம்.

#11 ராக்வில்_ரமணி

குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம். இது காடு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஸ்கைலைன் டிரைவ் என்று 105 மைல் கார்ச்சாலை அதே முகட்டில் போகிறது. பாதை அந்தச் சாலையை இருபதுக்கும் மேற்பட்ட தடவை கடக்கிறது. ஸ்கைலாண்டில் பிளாக்பெரி ஐஸ்கிரீம் பை (pie) கிடைக்கும், பிக் மெடோஸ் விடுதியில் பர்கர் கிடைக்கும். என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டோனி மேன் சிகரத்துக்குப் போனேன், அவர் புடவையோடு ஏறினார். இதைத் "தொலைதூரத் தனிநடை" என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

#12 வழிநடைச்சிந்து

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். ஐஸ்கிரீம் பை நானும் சாப்பிட்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் முதல் தனிநடைக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். சாலை பக்கத்தில் இருப்பது குறை இல்லை, வெளியேற வழி. மழை பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் தார்ச்சாலையில் நிற்கலாம். வடக்கே நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் அக்டோபரில் அப்படி முடியாது, அங்கே முகட்டில் பனி விழ ஆரம்பித்திருக்கும். அப்புறம், இந்த இடம் ஒருபோதும் ஆளில்லாக் காடாக இருந்ததில்லை. 1935இல் பூங்கா வருவதற்கு முன்னால் இந்தச் சரிவுகளில் குடும்பங்கள் இருந்தன, வெளியேற்றப்பட்டார்கள். பிக் மெடோஸுக்குத் தெற்கே மிலாம் கேப்பில் அவர்கள் வைத்த ஆப்பிள் மரங்கள் இன்னும் நிற்கின்றன. மறுநாள் அங்கே போனபோது கீழே கிடந்த பழங்களில் பாதி கடித்துப் போட்டிருந்தது. கரடியா மானா என்று பல்தடம் பார்த்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை, ஆனால் நடையை எட்டிப் போட்டேன்.

#13 நியூஜெர்சி_நிலா

@ராக்வில்_ரமணி 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, கூடாரம், ஸ்லீப்பிங் பேக் எதுவும் இல்லாமல், தோளில் ஒரு துணிமூட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, இந்த முழுப் பாதையையும் தனியாக நடந்து செப்டம்பர் கடைசியில் கட்டாடின் ஏறினார். அவரும் வழியில் வீடுகளில் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டார். யாரும் அதைக் குறைத்துச் சொல்வதில்லை.

#14 ராக்வில்_ரமணி

பாட்டியோடு வாதாட நான் தயாரில்லை. விட்டுவிடுகிறேன்.

#15 தென்காசிக்காற்று

கொஞ்சம் சங்கடமான கேள்வி. நான் கருப்பு, என் மனைவியும் அப்படித்தான். கிராமப்புற வர்ஜீனியாவில் தனியாக, தாடியோடு, முதுகில் மூட்டையோடு நடக்கும்போது யாராவது வேறு மாதிரிப் பார்த்தார்களா? இதை ஆங்கிலத் தளங்களில் கேட்டால் "பாதையில் எல்லோரும் சமம்" என்று ஒரே பல்லவி.

#16 வழிநடைச்சிந்து

இங்கே கேட்டது நல்லது. பாதையில் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மூட்டையும் கம்பும் இருந்தால் நீங்கள் யார் என்பது அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. பாதையை விட்டு வெளியே, சாமான் வாங்க ஊருக்குள் இறங்கும்போது நிலைமை சற்று மாறும். ஒரு கடையில் என் பின்னாலேயே ஒருவர் வரிசை வரிசையாக வந்தார். வாசனைக்காகவும் இருக்கலாம், குளித்து நாளாகியிருந்தது. எது என்று எனக்குத் தெரியாது, அது தெரியாமல் இருப்பதே ஒரு சுமைதான்.

இந்தப் பூங்காவுக்கும் அந்த வரலாறு உண்டு. லூயிஸ் மவுண்டன் முகாம் 1939இல் கறுப்பின மக்களுக்கென்று தனியாகத் திறக்கப்பட்டது, பிற இடங்களில் அவர்களுக்கு அனுமதி மறுப்பு. 1950 வாக்கில்தான் அந்தப் பிரிவினை முழுதாக நீங்கியது. பாதை அதன் ஓரமாகவே போகிறது. இன்று அங்கே கூடாரம் போட்டிருப்பவர்களில் எல்லா நிறத்தவரும் இருக்கிறார்கள். "எல்லோரும் சமம்" என்று சொல்பவர்கள் அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

நடைமுறை யோசனை: பளிச்சென்ற நிறத்தில் சட்டை. வேட்டைக்காரர்களுக்காகவும் உதவும்.

#17 இலகுமூட்டை

வேட்டை பற்றி: ஷெனன்டோவா பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. ஆனால் பாதை பூங்காவை விட்டு வெளியேறியதும் தேசியக் காடுகள், அங்கே உண்டு. வர்ஜீனியாவில் அக்டோபரில் அம்பு, நவம்பர் நடுவிலிருந்து துப்பாக்கி. ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று 60 கிராம்கூட இராது. நான் பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்டி எடை குறைப்பவன், இந்த அறுபதை மட்டும் பேரம் பேசமாட்டேன்.

#18 மணிமுத்தாறு

தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லையே. இலையுதிர்காலத்தில் ஊற்று வற்றாதா?

#19 வழிநடைச்சிந்து

வற்றும். முகட்டில் நடக்கிற பாதை, சுனைகள் எல்லாம் சரிவில் கீழே. கோடை கடந்து மழை குறைந்த ஆண்டில் வரைபடத்தில் நீலப்புள்ளி இருக்கும், இடத்தில் ஈரமண் மட்டும் இருக்கும். அன்று மூன்று லிட்டர் சுமந்தேன், மூன்று கிலோ. ராக் ஸ்பிரிங் சுனை ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கல்லிடுக்கில் விரல் தடிமனுக்கு. போத்தலை நேராகப் பிடித்தால் நிரம்பாது. பழுத்த இலை ஒன்றை எடுத்துக் கல்லில் சொருகி, காம்பு வழியாக ஓட விட்டால் சின்னத் தாரையாக விழும். அப்படியும் ஒரு லிட்டருக்கு நான்கைந்து நிமிடம் ஆயிற்று.

காய்ந்த காடு என்றால் தீயும் நினைவில் இருக்கட்டும், நீங்கள் குரங்கணியைச் சொன்னீர்கள். 2023 அக்டோபர் கடைசியில் இதே மாவட்டங்களில் குவேக்கர் ரன் தீ பிடித்துப் பூங்காவுக்குள்ளும் பரவியது, வாரக்கணக்கில் எரிந்தது. இங்கே குடில்களில் கட்டி வைத்த அடுப்பு மேடை தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டத் தடை. அந்த மேடை இருந்தும் அன்று மூட்டவில்லை, ஜார்ஜியா போகிறவர்களும் மூட்டவில்லை. காற்று அப்படி.

#20 பனங்கிழங்கு

வீட்டில அம்மாவிட்டச் சொன்னனீங்களே?

#21 வழிநடைச்சிந்து

"நண்பர்களோடு போகிறேன்" என்று சொன்னேன். திரும்பி வந்த பிறகு படங்களைக் காட்டினால் எல்லாப் படத்திலும் நான் மட்டும். "உன்னைப் படம் எடுத்தது யார்?" என்றார். டைமர் என்றால் அவருக்குப் புரியாது என்று நினைத்தேன், நன்றாகவே புரிந்தது.

#22 தென்காசிக்காற்று

விளக்கத்துக்கு நன்றி. நவம்பர் கடைசியில் நன்றித்திருநாள் விடுமுறையில் இதே துண்டை நடக்கலாம் என்று இருக்கிறேன். தார்ன்டன் கேப் பக்கம் வண்டியை விடலாமா?

#23 வழிநடைச்சிந்து

முதல் விஷயம், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அன்றிலிருந்து ஐந்தேகாலுக்குள் அஸ்தமனம், நவம்பர் கடைசியில் இன்னும் முன்னால். என்னுடைய 15 மைலை அப்படியே எடுக்காதீர்கள், பத்து போதும். பேர்ட்ஸ் நெஸ்ட் 3 குடிலில் முதல் இரவு, மறுநாள் ராக் ஸ்பிரிங் என்று பிரித்தால் சரியாக வரும்.

வண்டி: நவம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை, திருட்டு வேட்டையைத் தடுக்க, ஸ்கைலைன் டிரைவின் சில பகுதிகளை மாலை 5 முதல் காலை 8 வரை மூடிவிடுவார்கள். தார்ன்டன் கேப்புக்கு வடக்கே உள்ள பகுதி அதில் வரும், தெற்கே ஸ்விஃப்ட் ரன் கணவாய் வரையுள்ள பகுதி வராது. அதனால் வண்டியைத் தெற்குப் பக்கத்து நிறுத்தத்தில் விடுங்கள், எந்நேரமும் எடுக்கலாம். பனி விழுந்தால் மொத்தச் சாலையையும் மூடுவார்கள், கிளம்பும் முன் பூங்காவின் பதிவுத் தொலைபேசியில் கேளுங்கள். இரவு தங்க அனுமதிச் சீட்டை இணையத்திலேயே எடுக்கலாம். அந்த நேரத்தில் ஸ்கைலாண்டும் பிக் மெடோஸும் அந்த ஆண்டுக்குக் கடையை மூடியிருக்கலாம், ஐஸ்கிரீம் பையை நம்பி உணவைக் குறைக்க வேண்டாம்.

#24 தென்காசிக்காற்று

பத்து மைல் என்றே போடுகிறேன். கூஸ்கூஸ் எங்கே மலிவு?

#25 பருப்புப்பொடி

மத்திய கிழக்கு மளிகைக் கடையில் மொத்தமாக அள்ளித் தருவார்கள். பெட்டியில் வருவதை வாங்காதீர்கள், உள்ளே ஒரு மசாலாப் பொட்டலம் வைத்து இரண்டு மடங்கு விலை போடுகிறார்கள். பொடி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், இந்த வாரம் அரைக்கிறேன்.